முழங்காலுக்கு ஓர் அங்குலம்: பைக்கில் அட்ஜஸ்டபிள் ஃபுட்பெக் மாட்டும் முறை

சென்னையிலிருந்து கிளம்பி விழுப்புரம் தாண்டுவதற்குள் எனக்கு வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும். உளுந்தூர்பேட்டையில் வண்டியை ஓரங்கட்டி, காலை நாலு முறை நீட்டி மடக்கிவிட்டுத்தான் மறுபடி ஏறுவேன். என் உயரம் 183 செ.மீ. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2016இல் வந்த அந்த 411 சிசி மாடல். அதன் சீட் தரையிலிருந்து 800 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கரடுமுரடான சாலைக்கென்று வரும் இந்த வகை வண்டிக்கு இது குறைவான உயரம். உயரம் குறைந்தவர்களும் தைரியமாகக் கால் ஊன்றலாம். நெட்டையானவர்களுக்கோ சீட்டுக்கும், கால் வைக்கும் கட்டையான ஃபுட்பெக்குக்கும் (சுருக்கமாக பெக்) நடுவில் இடம் போதாமல் கால் மடங்கியே கிடக்கும்.

ரொம்ப நாள் இதை வயதின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு பெக்கை ஓர் அங்குலம் கீழேயும் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகப் பின்னேயும் நகர்த்தினேன். அதே சாலையில் இப்போது திருச்சி வரை கால் மரத்துப்போகாமல் போய்வருகிறேன்.

இந்த வேலையைப் புதிதாகச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெக்கைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது அரை மணி நேர வேலை. பாதம் நகர்ந்துபோன புது இடத்துக்கு பிரேக் பெடலையும் கியர் லிவரையும் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் மீதி முக்கால்வாசி வேலையும் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் வண்டி முன்பைவிட ஆபத்தானதாகிவிடும்.

யாருக்கு இது உதவும்?

கால் நீளமானவர்கள், முழங்காலிலோ கணுக்காலிலோ அடிபட்டவர்கள், மோசமான சாலையில் அடிக்கடி எழுந்து நின்று ஓட்டுகிறவர்கள். இவர்களுக்குப் பலன் நேரடியாகத் தெரியும். நின்று ஓட்டுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு லாபமும் உண்டு: பெக் இறங்கினால் ஹேண்டில்பார் அந்த அளவு உயர்ந்தது மாதிரி ஆகிவிடும், முதுகைக் குனிய வேண்டியது குறையும்.

கால் தரையில் எட்டாதவர்களுக்கு இது உதவாது. ஃபுட்பெக்குக்கும் தரை எட்டுவதற்கும் சம்பந்தமே கிடையாது. அகலமான பெக் மாட்டினால் நிற்கும்போது அது கெண்டைக்காலில் இடித்து, காலை இன்னும் வெளியே தள்ளி, எட்டுவதைக் கெடுக்கவும் செய்யும். அவர்கள் பார்க்க வேண்டியது சீட்டைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

தொடை 45 செ.மீ., முழங்காலிலிருந்து கணுக்கால் வரை 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்த நிலையில் இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை நேர்கோட்டில் 60 செ.மீ. இருந்தால் முழங்கால் கோணம் 84 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். அந்த நேர்கோடு 2.5 செ.மீ. நீண்டால் 88 டிகிரி. 4 செ.மீ. நீண்டால் 91-ஐ ஒட்டி வரும். நாலு டிகிரி கேட்பதற்குச் சின்னது. ஆனால் முழங்காலை மடக்க மடக்க முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அதே மடிப்பில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும்போது அந்த நாலு டிகிரியின் அருமை தெரியும்.

அப்படியென்றால் இன்னும் இறக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் இன்னொரு கணக்கு குறுக்கே வருகிறது. பெக்கின் நுனி வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருந்தால், வண்டியைச் சுமார் 41 டிகிரி சாய்த்ததும் நுனி தரையைத் தொடும். 2.5 செ.மீ. இறக்கினால் 38 டிகிரியிலேயே தொடும். 4 செ.மீ. இறக்கினால் 37-க்கும் கீழே. இது வண்டி தரையில் சும்மா நிற்கும்போது. பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பை என்று சஸ்பென்ஷன் அமுங்கினால் இன்னும் சீக்கிரம் தொடும். புதுப் பெக் பழையதைவிட நீளமாக இருந்தாலும் அப்படித்தான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாம் யாரும் 37 டிகிரி சாய்ப்பதில்லை. ஆனால் உள்வளைவில் தார் உடைந்து மேடு தட்டியிருக்கும் இடங்களில் தரை பெக்கை நோக்கி எழும்பி வருகிறது. 220 மி.மீ. தரை இடைவெளி உள்ள ஹிமாலயனில் ஓர் அங்குலத்தைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். தாழ்வான க்ரூசரில் அந்த அங்குலமே பெரிய இழப்பு. அதனால் பொது விதியாக 2 முதல் 3 செ.மீ.க்கு மேல் இறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கும் முன்

சந்தையில் மூன்று வகை கிடைக்கிறது. முதல் வகையில் உயரம் ஒன்றே ஒன்றுதான், பெக் தாழ்வாகவே செய்யப்பட்டிருக்கும். இரண்டாவது, பல் வைத்த சுழல் இணைப்பு உள்ளது. பழைய பெக் இருந்த இடத்தில் ஒரு குட்டையான கை பொருந்தும்; அந்தக் கையின் மறுமுனையில் பெக் இருக்கும். நடுவில் பல் பல்லாக வெட்டிய இரண்டு வட்டங்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். கையைச் சுழற்றி எந்தத் திசையில் வேண்டுமோ அங்கே வைத்து போல்ட்டை இறுக்கலாம். மூன்றாவது, ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்கான ரியர்செட். பெடல், லிவர் எல்லாம் சேர்த்து ஒரே தகட்டில் வரும். முதல்முறை மாட்டுகிறவருக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம். பிடிக்கவில்லையென்றால் பத்து நிமிடத்தில் இடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

எந்த வகையானாலும் நாலு விஷயம் பாருங்கள். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த இணைப்பா? 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்பதில், பெக்கைத் தாங்கும் பின்னுக்கான (pin) துளை அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் பெக் ஆடும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தர எண் பொறித்திருக்கிறதா? வார்ப்பு அலுமினியமா, கடைந்தெடுத்ததா? மலிவான வார்ப்பு வளைந்து எச்சரிக்கை தராது, சட்டென்று உடையும். எழுந்து நின்று ஓட்டும்போது உடம்பின் மொத்த எடையும் அந்த இரண்டு துண்டுகளின் மேல்தான் இருக்கிறது. கடைசியாக, பெக் மேல்நோக்கி மடங்குமா? மடங்காத பெக் வளைவில் தரையில் பட்டால் பின் சக்கரத்தையே தூக்கிவிடும். அதை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மேல்பக்கம் பல் வைத்த உலோகப் பெக் மழையில் பூட்ஸை அருமையாகப் பிடிக்கும். சாதாரண ஷூவின் அடியைச் சீக்கிரம் தேய்த்துவிடும். ரப்பர் இல்லாததால் சிங்கிள் சிலிண்டர் வண்டியின் அதிர்வு நேராகக் கால்விரலுக்கு வரும். ரப்பரைக் கழற்றி மாட்ட வசதி உள்ள பெக்காகப் பார்த்து வாங்கினால் இரண்டும் கிடைக்கும். ஹிமாலயனின் கம்பெனிப் பெக்கே அப்படித்தான் இருக்கும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் ஃபிரேமில் வெல்டிங், துளையிடுவது எதுவும் வேண்டாம். பழையபடி திரும்ப மாட்டக்கூடிய மாற்றத்தோடு நின்றுகொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்கிறது. அழகுக்காகப் பின் பெக்கைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது கூடாது. வாரன்டி காலம் முடியவில்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. பிரேக் பெடலும் கியர் லிவரும் இப்போதுள்ள இடத்திலிருந்து எவ்வளவு கீழே இறங்க முடியும் என்று பாருங்கள். பெடல் எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் பெக்கும் இறங்கலாம். பெடல் 1.5 செ.மீ.தான் இறங்குகிறதென்றால் 4 செ.மீ. இறங்கும் பெக் உங்களுக்கு எதற்கு?

அளவெடுப்பது

எங்கள் பகுதியில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அளவெடுக்கலாம் என்று போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பூட்ஸ் போட்டுட்டு வா. செருப்போட உட்கார்ந்தா என்னத்த அளக்குறது?" திரும்ப வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். பூட்ஸின் அடிப்பாகமும் மேல்பாகமும் சேர்ந்தால் பெடல், லிவர் கணக்கே மாறிவிடுகிறது. நீண்ட பயணத்தில் எதை அணிவீர்களோ, அதே பூட்ஸ், அதே பேன்ட், அதே முழங்கால் காப்பு.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். சீட்டில் நீங்கள் உட்காரும் பள்ளத்திலிருந்து பெக்கின் மேல்பாகம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலைந்து மீட்டர் தள்ளி, சீட் உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் கைப்பேசியை வைத்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் இப்போதைய கோணம் தெரிந்துவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் உதவிய ஒரு வழி. செங்கல்லையும் பலகைத் துண்டுகளையும் பெக்கை ஒட்டி இரண்டு பக்கமும் அடுக்கி, பழைய பெக்கைவிட 2.5 செ.மீ. கீழே ஒரு மேடை மாதிரி செய்துகொண்டேன். அதில் கால் வைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பலகையை ஒன்றரை செ.மீ. பின்னால் நகர்த்தி இன்னொரு இருபது நிமிடம். பின்னால் நகர்த்தியதும் இடுப்பின் சுமை தொடைக்கு இறங்கியது தெரிந்தது. முன்பு முழுச் சுமையும் உட்காருமிடத்தில் இருந்தது. இன்னும் பின்னே கொண்டுபோனபோது மணிக்கட்டில் பாரம் ஏறியது. ஒரு ரூபாய் செலவில்லாமல் எனக்கான இடம் இப்படித்தான் கிடைத்தது. சென்டர் ஸ்டாண்ட் ஆடாமல் சமதளத்தில் நிற்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் வண்டியைப் பிடித்திருக்க வேண்டும்.

தேவையான சாமான்கள்

ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், நோஸ் பிளையர், திருப்புளி, சின்னச் சுத்தியல், துருவெடுக்கும் ஸ்பிரே, கிரீஸ், நீல நிற திரெட் லாக் (போல்ட் தளராமல் பிடித்துக்கொள்ளும் பசை), புதுக் காட்டர் பின் (கால் இரண்டையும் விரித்துப் பூட்டும் கம்பி ஊசி) நாலைந்து, பழைய துணி, வெள்ளை பெயின்ட் மார்க்கர். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கடனாகவாவது வாங்கிவிடுங்கள். திரெட் லாக்கில் சிவப்பு வேண்டாம். அதைக் கழற்றச் சூடுகாட்ட வேண்டிவரும்.

பழையதைக் கழற்றுவது

முதலில் படம் எடுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருக்கிறது, அதன் ஒரு முனை எதில் சாய்ந்திருக்கிறது, மறுமுனை எதில் மாட்டியிருக்கிறது என்று கீழிருந்தும் பின்னாலிருந்தும் கிட்டத்தில் நாலு படம். பத்து நிமிடம் கழித்து அந்த ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும்போது அந்தப் படங்கள்தான் காப்பாற்றும்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் கழற்ற வேண்டாம். ஒரு பக்கம் முடிந்த பிறகு அடுத்தது. அப்போது சந்தேகம் வந்தால் மறுபக்கம் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெக், வண்டியோடு சேர்ந்த பிராக்கெட்டில் ஒரு பின் (pin) மூலம் நிற்கும். பின்னின் அடியில் காட்டர் பின்னோ சர்க்ளிப்போ (கவ்விப் பிடிக்கும் சின்ன வளையம்) இருக்கும். மண்ணைத் துடைத்து, ஸ்பிரே அடித்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். காட்டர் பின்னின் விரித்த கால்களை நோஸ் பிளையரால் நேராக்கி இழுத்தால் வந்துவிடும். நேராக்கும்போது பாதி உடையும். உடையாவிட்டாலும் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சர்க்ளிப் என்றால் ஒரு கையால் துணியைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் நெம்புங்கள், இல்லாவிட்டால் தெறித்துப் போய்விடும்.

பிறகு பெக்கை லேசாக மேலே மடக்கிப் பிடித்தால் ஸ்பிரிங்கின் இழுப்பு மாறும், பின் இறுக்கம் விட்டு மேலே நகரும். அப்போதும் துணி போர்த்தியே இருக்கட்டும். பின் வெளியே வந்ததும் அதைத் தரையில் உருட்டிப் பாருங்கள். நேராக உருள வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் புதுப் பின் வாங்குங்கள், விலை அதிகமில்லை.

புதியதை மாட்டுவது

வண்டிக்கு வெளியே, மேசை மேல் முதலில் பூட்டிப் பாருங்கள். பல் வட்டங்கள் இரண்டையும் துடைத்துச் சுத்தமாக்குங்கள். சின்ன உலோகத் துகள் நடுவில் இருந்தால்கூடப் பல் முழுதாகக் கடிக்காது. போல்ட் இறுகிய மாதிரி இருக்கும், ஆனால் பல்லின் நுனி மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது ஒரு பல் நழுவி, கால் சட்டென்று கீழே போகும். இறுக்கிய பிறகு பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். இரண்டு வட்டத்துக்கும் நடுவில் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

கோணத்தைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்வது சுலபம். வண்டியின் இடப்பக்கம் நின்று பார்த்தால் 6 மணி நேர் கீழே, 9 மணி முன்னால், 3 மணி பின்னால். வலப்பக்கம் போனால் முன்னும் பின்னும் இடம் மாறிவிடும். இடப்பக்கம் 5 மணி வைத்தால் வலப்பக்கம் 7 மணி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் 5 மணி வைத்துவிட்டு ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக உட்கார்ந்து குழம்புவது புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. என்னுடையதில் கையின் நீளம் 30 மி.மீ. அதை 5 மணியில் வைத்தபோது 26 மி.மீ. கீழேயும் 15 மி.மீ. பின்னேயும் கிடைத்தது. பலகை வைத்துக் கண்டுபிடித்த இடத்துக்கு அது ஏறக்குறையச் சரியாகப் பொருந்தியது.

இனி பிராக்கெட்டில் மாட்டலாம். துளையின் உள்பக்கத் துருவைத் துடைத்து, பின் முழுவதும் மெல்லியதாக கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங்கை இடத்தில் வைத்து, பெக்கை நுழைத்து, பின்னை மேலிருந்து கீழாக இறக்குங்கள். மேலிருந்து இறக்குவதற்குக் காரணம் உண்டு: காட்டர் பின் என்றாவது போய்விட்டாலும் பின் தன் எடையில் அங்கேயே நிற்கும். ஸ்பிரிங்கை வளைத்துப் பிடிக்க இரண்டு கை போதாது. ஒரு தடித்த நூலை அதன் கொக்கியில் கட்டி இழுத்துப் பிடித்தால் வேலை எளிது. புதுக் காட்டர் பின் போட்டு, கால் இரண்டையும் எதிரெதிராக நன்றாக மடக்குங்கள்.

பெக்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சற்று ஆட்டம் இருந்தால் மெல்லிய வாஷர் ஒன்று போடலாம். பெக் கிடைமட்டமாகவோ நுனி கொஞ்சம் மேலே தூக்கியோ நிற்க வேண்டும். கீழே சரிந்து நின்றால் மழையில் கால் வழுக்கும். அப்படியானால் அதன் பின்பக்க முட்டு பிராக்கெட்டில் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

மேலே மடக்கிக் கையை விடுங்கள். தானாகப் படாரென்று திரும்பி வர வேண்டும். மடங்கும் வழியில் பிரேக் பெடலோ, கிராஷ் கார்டோ, சைலன்சரோ இடிக்கக் கூடாது. இடப்பக்கம் சைடு ஸ்டாண்டையும் சென்டர் ஸ்டாண்டையும் போட்டு எடுத்துப் பாருங்கள். பெக் இறங்கியபின் ஸ்டாண்டின் காது அதன் அடியில் மறைந்து, காலால் தேட வேண்டியிருக்கும் வண்டிகள் உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தும் பாருங்கள்.

இறுக்கும் அளவு பெட்டியோடு வந்த தாளில் இருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 முதல் 10. அலுமினியத் திரெட்டில் பலத்தைக் காட்டினால் திரெட் உரிந்துவிடும். திரெட் லாக்கை இப்போதே போட்டுவிடாதீர்கள். இடம் இன்னும் முடிவாகவில்லை.

பெடலும் லிவரும்

முதல் முறை நான் இங்கேதான் நிறுத்திக்கொண்டேன். பெக் நன்றாக உட்கார்ந்துவிட்டது, கால் சுகமாக இருந்தது, அன்றைக்கே ஏலகிரிக்குக் கிளம்பிவிட்டேன். பெக் இறங்கியதால் பிரேக் பெடல் என் பாதத்தைவிட ஓர் அங்குலம் மேலே போயிருந்தது. பூட்ஸின் முனையைத் தூக்கிப் பெடல் மேல் வைத்தபடியே ஓட்டினேன். பின்னால் வந்த நண்பன் ஆம்பூரில் நிறுத்தியபோது, "பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்குடா" என்றான். ஸ்விட்ச் கோளாறு என்று நினைத்துவிட்டேன். மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும்போது, பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. முன் பிரேக்கை வைத்து மெல்ல ஓரங்கட்டினேன். பின் சக்கரத்தருகே குனிந்தால் கருகிய வாடை. டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் பெடலில் பிடிப்பு திரும்பியது.

நடந்தது இதுதான். கால் பட்டுக்கொண்டே இருந்ததால் பிரேக் பேட் டிஸ்க்கை விடவேயில்லை, சூடு ஏறி பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் இழுத்த பழைய ஆயிலுக்கு அந்தத் தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். என்னுடையது மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தது. பேடும் ஆயிலும் மாற்றினேன், அப்புறம் பெடலைச் சரிசெய்தேன்.

டிஸ்க் பிரேக் வண்டியில் பெடலின் உயரத்தைப் பெரும்பாலும், பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியின் நீளம்தான் தீர்மானிக்கிறது. சில வண்டிகளில் பெடலுக்கென்று தனி நிறுத்து போல்ட்டும் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பூட்ஸ் பெக் மேல் இயல்பாக இருக்கும்போது அதன் அடி பெடலைத் தொடாமல், கணுக்காலை லேசாக அழுத்தியதும் தொட வேண்டும். கம்பியின் திரெட் முடியும் வரை திருப்பிவிடாதீர்கள்; போதுமான திரெட் உள்ளே கடித்திருக்க வேண்டும். பெடலில் சில மில்லிமீட்டராவது வெற்று அசைவு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், இருந்தே தீர வேண்டும். டிரம் பிரேக் என்றால் பின் சக்கரத்தருகே உள்ள நட்டில் சரிசெய்யலாம். அதற்கு 20 முதல் 30 மி.மீ. வரை வெற்று அசைவு வேண்டும்.

லாக் நட்டை இறுக்கிவிட்டு, பெடலை நன்றாக மிதித்து விட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பத்து முறை மிதித்துப் பத்து முறையும் சுற்றிப் பாருங்கள்.

பெடல் நகர்ந்தால் பிரேக் லைட் ஸ்விட்ச்சின் கணக்கும் மாறும். பெடலோடு ஒரு சின்ன ஸ்பிரிங்கால் இணைந்த ஸ்விட்ச் என்றால், அதன் நட்டைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்விட்ச்சையே திருப்பினால் உள்ளே வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். பேட் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும், காலை எடுத்ததும் அணைய வேண்டும்.

கியர் லிவர் இடப்பக்கம். இரண்டு முனையிலும் லாக் நட் உள்ள கம்பி இருந்தால், அதில் ஒரு முனை பெரும்பாலும் இடது திரெட்டாக இருக்கும். தளரவில்லையே என்று பலம் கொடுப்பதற்கு முன் எதிர்த்திசையில் திருப்பிப் பாருங்கள். நட்டுகள் தளர்ந்ததும் நடுக் கம்பியைச் சுழற்றினாலே லிவர் ஏறும், இறங்கும். கம்பி இல்லாமல் லிவர் நேராகப் பல் வெட்டிய தண்டில் பொருந்தியிருந்தால், போல்ட்டை முழுதாகக் கழற்றி லிவரை இழுத்து ஒரு பல் கீழே மாற்றிப் போடுங்கள். பூட்ஸின் முனை பாதத்தைப் பெக்கிலிருந்து தூக்காமலே லிவருக்கு அடியிலும் போக வேண்டும், மேலும் ஏற வேண்டும். இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரத்தைச் சுழற்றியபடி எல்லா கியரையும் ஏற்றி இறக்குங்கள். குதிங்காலால் மிதிக்கும் பின்பகுதியும் உள்ள லிவரானால், அந்தப் பகுதி பெக்கிலோ தரைப்பக்கமோ இடிக்கிறதா என்று கூடுதலாகப் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில். 20 கி.மீ. வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் பத்துப் பதினைந்து முறை பிடியுங்கள். பழைய இடத்தைத் தேடிப் போகும் பழக்கம் காலுக்கு இருக்கும், அது மாறச் சில நாள் ஆகும். அதுவரை நெரிசலான சாலைக்கும் மலைக்கும் போக வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, இரண்டு டிஸ்க்கின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். பிரேக் அதிகம் பிடிக்காமலே பின் டிஸ்க் கொதிக்கிறதென்றால் வீட்டுக்குத் திரும்பி வெற்று அசைவைக் கூட்டுங்கள்.

அப்புறம் ஒரு 50 கி.மீ. முழங்கால் சுகமாகி, இடுப்போ மணிக்கட்டோ புதிதாக வலித்தால் ஒரு பல் முன்னே கொண்டுவந்து பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு பல் போதும், மாற்றியதைத் தேதியோடு எழுதிவையுங்கள். கணுக்காலில் பழைய முறிவு உள்ளவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் ஒரு பல் வித்தியாசமாக வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, அவருடைய கணுக்காலுக்குத் தெரியும்.

இடம் முடிவானதும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, திரெட் லாக் இரண்டு சொட்டு விட்டு, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். முழுப் பிடிப்புக்கு 24 மணி நேரம் விடுங்கள். பிறகு போல்ட் தலையையும் பக்கத்து உலோகத்தையும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். போல்ட் எப்போது நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். 100 கி.மீ.யில் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை, அதன்பின் சங்கிலிக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் குனிந்து அந்தக் கோட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பழைய பெக், பின், ஸ்பிரிங், வாஷர் எல்லாவற்றையும் இடது, வலது என்று எழுதித் தனித்தனிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போதும் தேவைப்படும், வழியில் புதுப் பெக்குக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் தேவைப்படும். நீண்ட பயணங்களில் நான் அந்த ஸ்பிரிங் ஒன்றையும் காட்டர் பின் இரண்டையும் டூல் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன்.